உற்றுநோக்கலும் கங்காணித்தனமும்: நீலகிரி வகுப்பறைகளிலிருந்து சில குறிப்புகள்

1

பி.எட். படிக்கிறவன் பாடம் நடத்துவதற்கு முன்னால் பிறர் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு பதிவேடு தருவார்கள். 'உற்றுநோக்கல் பதிவேடு' என்று பெயர். நாள், வகுப்பு, பாடவேளை, பாடத்தலைப்பு, ஆசிரியர் பாடத்தை எப்படித் தொடங்கினார், கரும்பலகையை எப்படிப் பயன்படுத்தினார், எத்தனை கேள்வி கேட்டார், மாணவர் பங்கேற்பு எப்படி என்றெல்லாம் கட்டம் போட்டிருக்கும். நிரப்பி, கையெழுத்து வாங்கி, கல்லூரியில் ஒப்படைத்தால் மதிப்பெண். ஒப்படைத்த பிறகு அநேகமாக அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

யாரும் படிக்காத இந்தப் பிரதியைப் படித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. நாவலையும் கவிதையையும் கட்டுடைத்துப் பார்க்கிற நமது சிறுபத்திரிகைச் சூழல், பிள்ளைகளைத் தினந்தோறும் 'தன்னிலை'களாக வனைந்து அனுப்புகிற வகுப்பறையின் பக்கம் அதிகம் திரும்பியதில்லை. முன்பு தேவாலயம் வகித்த இடத்தை முதலாளிய சமூகத்தில் பள்ளிக்கூடம் பிடித்துக்கொண்டது என்று அல்தூஸர் 1970இல் எழுதினார். அதை மேற்கோள் காட்ட நமக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடவேளையில் யார் பேசுகிறார்கள், யார் பேசாமலிருக்கிறார்கள் என்று கேட்டால் விழிப்போம்.

நான் உட்கார்ந்து பார்த்தவை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுப் பள்ளிகள் இரண்டின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள். பள்ளிகளின் பெயர் இங்கே தேவையில்லை. வகுப்பில் படகர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. இருளர், குறும்பர் ஒரு சிலர் உண்டு. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் பாதிக்குமேல். அவர்களிலும் பலர் 'சிலோன்காரங்க', அதாவது இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழரின் மூன்றாம் தலைமுறை. அரசாங்கம் இவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அங்கேயே பிறந்து வளர்ந்து, ராமேசுவரத்தில் இறங்கியபோதுதான் முதன்முதலாக இந்தியாவைப் பார்த்த ஒருவர் எங்கே 'திரும்பினார்' என்று அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. சமூக அறிவியல் வகுப்பு கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்கிறதா என்பதே நான் பார்க்கப் போனது.

2

வகுப்பைப் பார்ப்பதற்கு எங்களுக்குச் சொல்லித்தரப்படுகிற முறைகளில் பேர்பெற்றது ஃப்ளாண்டர்ஸ் என்கிற அமெரிக்கக் கல்வியாளரின் 'இடைவினைப் பகுப்பாய்வு'. மூன்று வினாடிக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் வகுப்பில் நடப்பதற்கு ஓர் எண் போட வேண்டும். மொத்தம் பத்து எண்கள். ஒன்றிலிருந்து ஏழு வரை ஆசிரியரின் பேச்சு: மாணவரின் உணர்வை ஏற்பது, பாராட்டுவது, அவர்கள் சொன்ன கருத்தை எடுத்துக்கொள்வது, கேள்வி கேட்பது, விரிவுரை, கட்டளை, கண்டிப்பு. எட்டும் ஒன்பதும் மாணவர் பேச்சு: கேட்டதற்குப் பதில் சொன்னால் எட்டு, தானாகப் பேசினால் ஒன்பது. கடைசி எண் பத்து, 'மௌனம் அல்லது குழப்பம்'. நாற்பது நிமிடப் பாடவேளைக்கு எண்ணூறு எண்கள் விழும்.

இந்த முறையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'நான் பிள்ளைகளைப் பேச விடுகிறேன்' என்று நம்பிக்கொண்டிருக்கிற ஆசிரியருக்கு, பக்கம் பக்கமாக விழுந்திருக்கிற ஐந்தாம் எண்ணைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பதே அதிகாரம் பற்றிய கேள்விதான். அந்த அளவில் இது பயன்படுகிற கருவி.

சிக்கல் பத்தாம் எண்ணில் இருக்கிறது. பேச்சுக்கு ஒன்பது வகை வைத்தவர்கள் மௌனத்துக்கு ஒரே ஒரு வகை வைத்தார்கள். அதையும் குழப்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பாடம் புரியாத பிள்ளையின் மௌனமும், ரொம்ப நன்றாகப் புரிந்துவிட்ட பிள்ளையின் மௌனமும் அந்தக் கட்டத்துக்குள் ஒன்றுதான். பயந்து பேசாதது, மரியாதைக்குப் பேசாதது, விடியற்காலையில் எழுந்து தண்ணீர் சுமந்த அசதியில் பேசாதது, பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து வாயை மூடிக்கொள்வது எல்லாமே பத்து.

இது அமெரிக்கக் கருவியின் குறை மட்டுமல்ல. எங்கள் பதிவேட்டில் 'மாணவர் பங்கேற்பு' என்ற கட்டம் இருக்கிறது. கூட்டமாகக் குரல் கொடுத்தால் 'நன்று', அமைதியாக இருந்தால் 'முன்னேற்றம் தேவை' என்று எழுதுவது வழக்கம். எதைக் குறித்து அமைதி என்று எழுத இடமில்லை.

3

இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, புவியியல். தோட்டப்பயிர்கள், தேயிலை.

பாடத்துக்கு முன் 'ஊக்கமூட்டல்' வேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரி விதி. ஆசிரியர் கேட்டார்: "நம்ம ஊட்டியைக் கண்டுபிடிச்சது யாரு?" வகுப்பே சேர்ந்து சொன்னது: "ஜான் சல்லிவன் சார்!" பதிவேட்டின்படி இது அருமையான தொடக்கம். நாலும் எட்டும் அடுத்தடுத்து விழுகின்றன.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் மலைக்கு வந்தது 1819இல். அதற்கு முன் 1812இல் கீஸும் மக்மகனும் அளவையாளர்களாக ஏறியிருக்கிறார்கள். 1603இலேயே ஃபினிசியோ என்கிற யேசுசபைப் பாதிரியார் ஏறிவந்து தொதவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆக வெள்ளைக்காரக் கணக்கிலேயே சல்லிவன் முதலாமவர் அல்ல. தொதவரும் கோத்தரும் படகரும் குறும்பரும் வாழ்ந்துகொண்டிருந்த இடத்தை இன்னொருவர் எப்படிக் 'கண்டுபிடித்தார்' என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இதில் இன்னொன்றும் உண்டு. இந்த நிலம் தொதவருடையது, அவர்களுக்கு உரிமை உண்டு என்று மதராஸ் அரசோடு வழக்காடியவர்களில் அதே சல்லிவனும் ஒருவர். பாடம் அவரைக் கண்டுபிடித்தவராக வைத்துக்கொண்டது, வழக்காடியதை விட்டுவிட்டது. கலெக்டரின் கண் மட்டும் போதும், அந்தக் கண் பார்த்த நிலவுரிமை வேண்டாம்.

பிறகு தேயிலை. தேயிலை வளரத் தேவையான சூழல்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினார். வெப்பநிலை. மழையளவு. மண். தண்ணீர் தேங்காத மலைச்சரிவு. ஐந்தாவதாக, மலிவான உழைப்பாளர்கள்.

இது அந்த ஆசிரியர் சொந்தமாகச் சேர்த்ததல்ல. இந்தியப் புவியியல் பாடங்களில் தேயிலை என்றால் இந்தப் பட்டியல்தான். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புவியியல் நூலும், ஏராளமான, மலிவான, திறமையான உழைப்பு தேயிலைக்குத் தேவை என்றே சொல்லிக்கொடுத்து வந்தது. ஆண்டாண்டாகத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிய வரி அது.

"தேயிலைக்கு ஏன் சரிவு வேணும்?" என்று ஆசிரியர் கேட்டபோது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "தண்ணி நின்னா வேர் அழுகிடும் சார்" என்றாள். புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவளுக்குத் தெரியாததா? எது கொழுந்து, எது முத்தல் இலை, கவாத்து வெட்டின செடி எப்போது துளிர்க்கும், மழை நாளில் நனைந்த கொழுந்துக்கு நிறுவையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதெல்லாம் அவள் வீட்டுப் பேச்சு. ஆசிரியர் 'வெரி குட்' சொன்னார். சரிவுக்கு ஏன் கேட்டவர், மழைக்கும் ஏன் கேட்டார். ஐந்தாவதற்கு ஏன் கேட்கவில்லை. 'ஏன் மலிவு?' என்ற கேள்வி அந்த அறையில் எழவில்லை. பிள்ளைகள் தலையைக் குனிந்து ஐந்தையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இங்கே நடப்பது என்னவென்று பார்க்க வேண்டும். வெப்பம், மழை, மண், சரிவு ஆகிய நான்கும் இயற்கை. அவற்றோடு ஒரே வரிசையில் வைத்ததும் ஐந்தாவதும் இயற்கையாகிவிடுகிறது. கூலி ஏன் குறைவாக இருக்கிறது என்று கேட்க வழியில்லை. மழை ஏன் பெய்கிறது என்பது போல அது ஒரு நிபந்தனை. தன் தாயின் உழைப்பை மண்ணோடும் மழையோடும் சேர்த்துத் தன் கையாலேயே எழுதிக்கொள்கிறாள் அந்தப் பெண். சங்கம் வைத்தது, கூலி கேட்டது, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தொழிலாளிக்கு வீடு, மருத்துவம் என்று முதலாளிமேல் கடமை சுமத்திய 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதெல்லாம் வேறெங்கோ, வேறு யாருக்கோ நடந்தது. 'மலிவு' என்பது வரலாறு என்று சொல்லக் கூடிய ஒரே பாடம் சமூக அறிவியல். அதுவே அதை வானிலையாக மாற்றிக் கொடுக்கிறது.

கருத்தியல் என்பது பொய் சொல்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பலகையில் ஒரு பொய்கூட இல்லை. உழைப்பு மலிவாகத்தான் இருக்கிறது. வரிசைதான் வேலையைச் செய்கிறது.

4

பார்க்கிறவன் பக்கம் வருகிறேன். கடைசி பெஞ்சில் கையில் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கிற 'ட்ரெய்னிங் சார்' யார்?

'கண்காணி' பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்க்கிறவருக்கு வழங்கியது. தேயிலைக் காட்டில் அது 'கங்காணி' ஆனது. கிராமத்திலிருந்து ஆள் பிடித்தவர், முன்பணம் கொடுத்துக் கடனில் வைத்தவர், மலையில் நின்று வேலை வாங்கியவர் எல்லாம் ஒரே ஆள். பார்ப்பது, எண்ணுவது, பேர் போடுவது அவர் வேலை. 'பேர்' என்றால் மலையகத்தில் ஒருநாள் கூலி. கொழுந்து குறைந்தால், நேரம் தவறினால், 'அரைப் பேர்'. ஆளுடைய பெயரும் ஆளுடைய கூலியும் ஒரே சொல்லாகிப்போன இடம் அது.

லைன் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு, பின்னால் உட்கார்ந்து தன்னைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டிருக்கிற ஆள் புதியவன் அல்ல. வீட்டில் அம்மாவுக்கு ஒருத்தர், பள்ளியில் தனக்கு ஒருத்தர். தேர்வு என்பது மேலிருந்து பார்ப்பதையும் தரம் பிரிப்பதையும் ஒன்றாக்குகிற சடங்கு என்று ஃபூக்கோ 1975இல் விளக்கினார். ஃபூக்கோவைப் படிக்காமலே அந்த வகுப்புக்கு அது தெரியும். நான் உள்ளே போனதும் முதுகுகள் நிமிர்ந்ததை வேறெப்படிப் புரிந்துகொள்வது?

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பயிற்சி ஆசிரியனும் சும்மா பார்க்க வந்தவனல்ல. டான் லோர்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் ஒன்றைச் சுட்டினார்: ஆசிரியர் ஆகப்போகிறவன் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே பல்லாயிரம் மணிநேரம் மாணவனாக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறான், அந்தப் பழக்கம்தான் பிறகு அவன் கையிலும் வாயிலும் வருகிறது. எந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்பதையும் அவன் பார்த்துப் பழகியிருப்பான் என்று நான் சேர்த்துக்கொள்வேன். ஐந்தாவது வரியைக் கேள்வியில்லாமல் கடப்பது ஒரு திறமை. அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. உற்றுநோக்கல் பதிவேடு அதற்குக் கையெழுத்தும் முத்திரையும் தருகிறது.

5

இரண்டாவது வகுப்பு, குடிமையியல். இந்திய அரசியலமைப்பு, குடியுரிமை.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி குடியுரிமை பெற ஐந்து வழிகள்: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, பிரதேச இணைவு. கைவிரலை மடக்கி மடக்கி மனப்பாடம் செய்ய வைத்தார் ஆசிரியர். நல்ல ஆசிரியர். ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொன்னார். பிறப்புக்கு, 'நாம எல்லாரும்'. வம்சாவளிக்கு, வெளிநாட்டில் இந்தியருக்குப் பிறந்த குழந்தை. இணைவுக்கு, பாண்டிச்சேரி. மூன்றாவது வழியான பதிவுக்கு மட்டும் உதாரணம் சொல்லாமல் நான்காவதுக்குப் போனார்.

அந்த உதாரணம் எதிரே நாலு வரிசையில் உட்கார்ந்திருந்தது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948இலேயே கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாக, ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் ஏறி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து, குடும்ப அட்டையோடு வந்தவர்களில் ஒரு பகுதிக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் 1976இல் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. ஆக இந்த வகுப்புப் பிள்ளைகளின் தாத்தாக்கள் பலர் இந்தியக் குடிமக்களானது மூன்றாவது வழியில். பதிவு மூலம்.

வகுப்பு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் கேட்டேன்: "சார், பதிவுக்கு உதாரணம் சொல்லாம விட்டுட்டீங்களே?"

அவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "தெரிஞ்சுதான் விட்டேன் தம்பி. நானே டான்டீ லைன்ல பொறந்தவன். எங்கப்பா ஹட்டன்ல இருந்து வந்தவரு. இந்தக் கிளாஸ்ல அதை ஒருநாளும் சொன்னதில்ல."

"ஏன் சார்?"

"சொன்னா 'சிலோன் வாத்தியார்'னு எனக்குப் பேரு விழும். அது போகட்டும். அதுக்கப்புறம் யார் யாரு சிலோன்னு பசங்க எண்ண ஆரம்பிச்சிருவானுங்க. இதுங்க முப்பத்தஞ்சு மார்க் வாங்கி, பாஸ் பண்ணி, லைனை விட்டு வெளிய போகணும். எனக்கு அதான் முக்கியம். கதையெல்லாம் பின்னாடி படிச்சுக்கலாம்."

இந்தப் பதிலை 'ஆளும் கருத்தியலை உள்வாங்கிக்கொண்ட ஆசிரியர்' என்று ஒரு வரியில் தள்ளிவிட நம்மால் முடியும். அப்படித் தள்ளுவது சோம்பேறித்தனம். அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. லைன் வீடு வேலையோடு கட்டப்பட்டது, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கு ஒப்படைக்க அரசு ஆணை வந்தபோது, வேலையும் வீடும் சேர்ந்து ஆட்டம் கண்டன. அந்த நிலையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வெறும் காகிதமல்ல. அவருடைய மௌனம் அறியாமையும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பிள்ளைகளுக்கு மேல் அவர் பிடித்த குடை. ஃப்ளாண்டர்ஸ் முறையில் அந்த மௌனத்துக்குப் பத்துகூடக் கிடைக்காது, ஏனென்றால் அந்த மூன்று வினாடியிலும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். நான்காவது வழியைப் பற்றி.

ஆனால் குடைக்கு ஒரு விலை உண்டு. 'நாம எல்லாரும்' என்று பிறப்புக்கு உதாரணம் சொன்னபோது, தாத்தாவை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பேத்தி உள்ளே வர முடிகிறது.

6

அப்படியானால் பிள்ளைகளைப் பேச வையுங்கள், அவர்கள் அனுபவத்திலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்று தோழர்கள் சொல்வார்கள். பாவ்லோ ஃப்ரெய்ரேயைப் படித்த எவரும் அப்படித்தான் சொல்வோம். மாணவனை வங்கிக் கணக்காக நினைத்து அறிவைப் 'போட்டு' வைக்கிற கல்விக்கு எதிராக, உரையாடலை முன்வைத்தவர் அவர். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. உரையாடலை யார், எந்த இடத்தில், யாரை நோக்கித் தொடங்குகிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் நல்ல மனதோடு ஒரு வகுப்பு எடுத்தார். 'என் குடும்பத்தின் கதை'. ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் பூர்வீகம் எது, எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். படகர் வீட்டுப் பையன் ஒருவன் தன் ஹட்டியின் கதையை, எத்தய்யம்மன் பண்டிகையைப் பெருமையாகச் சொன்னான். கைதட்டல். இருளர் பையன் "இங்கதான்" என்று ஒரே சொல்லில் முடித்து உட்கார்ந்தான். அதற்கு மேல் அவனிடம் கேட்கத் தெரியவில்லை யாருக்கும். தோட்டத்துப் பெண்கள் வரிசையாக எழுந்தார்கள். "மேட்டுப்பாளையம்." "மேட்டுப்பாளையம் சார்." "நாங்களும் மேட்டுப்பாளையம்." சொல்லி வைத்தாற்போல ஐந்தாறு பேர். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வழிகாட்டி ஆசிரியர் பதிவேட்டில் 'மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். உண்மைதான், எட்டும் ஒன்பதும் நிறைய விழுந்திருந்தன.

பூர்வீகம் எது என்ற கேள்வி அந்தப் பெண்களுக்குப் புதிதல்ல. சாதிச் சான்றிதழுக்குப் போனால் தாலுகா ஆபீசில் கேட்பது அதே கேள்வி. அங்கே குடும்ப அட்டையைக் காட்ட வேண்டும், இந்தியாவில் எந்த ஊர், எந்தக் கிராமம் என்று நான்கு தலைமுறைக்கு முந்தைய பதிலைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் சான்றிதழ் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. அதே கேள்வியைச் சிரித்த முகத்தோடு, விடுதலைக் கல்வி என்ற பெயரில் நாம் கேட்டாலும், கேட்கப்படுகிறவருக்கு அது விசாரணைதான். 'மேட்டுப்பாளையம்' என்பது பொய்யல்ல. மலையிலிருந்து இறங்கினால் முதலில் வருகிற ஊரைச் சொல்லி, கேட்டவர் வாயை அடைத்து, தன்னைக் காத்துக்கொண்ட பதில் அது. அவ்வளவு நேர்த்தியான ஓர் எதிர்வினையைப் பதிவேடு 'பங்கேற்பு' என்று எழுதிக்கொண்டது.

மௌனத்தை வெற்றிடமாகப் பார்க்கிற பழைய கல்வியும், நிரப்பியே ஆக வேண்டிய குறையாகப் பார்க்கிற புதிய கல்வியும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டும் பிள்ளையைத்தான் பார்க்கின்றன. ஒன்று 'ஏன் பேசவில்லை' என்று குறித்துக்கொள்கிறது, மற்றது 'பேசு' என்கிறது. விளிம்புநிலையாளர் பேச முடியுமா என்று விவாதித்துக் களைத்த நாம், பேச மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டதில்லை.

7

என் வாதம் இதுதான். சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியது பிள்ளையை அல்ல, அரசை. பாடத்தின் நடுவில் வைக்க வேண்டியது அவள் குடும்பத்தின் கதையை அல்ல, அவள் குடும்பத்தின் மேல் எழுதப்பட்ட ஆவணங்களை.

குடியுரிமை வகுப்பில் பலகையில் இந்த மூன்று எண்களை எழுதலாம்: 5,25,000, 3,00,000, 1,50,000. கூட்டச் சொல்லலாம். 9,75,000 வரும். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர், 9,75,000 பேரில் எத்தனை பேரைக் கேட்டுப் போட்டார்கள் என்று கேட்கலாம். ஐந்து வழிகளில் இது எந்த வழி என்று விவாதிக்க விடலாம். பிறகு 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எடுக்கலாம்: பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள் அதில் இருக்கின்றன, இலங்கை ஏன் இல்லை? அதே 2019 ஜூனில், முகாமில் நெடுங்காலம் வாழ்கிற இந்திய வம்சாவளித் தமிழர் சிலரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதே, அது எந்த வழியில் சேரும்? இதில் எந்த இடத்திலும் ஒரு பிள்ளைகூட எழுந்து 'எங்க தாத்தா' என்று சொல்லத் தேவையில்லை. சொல்ல விரும்பினால் தடையும் இல்லை. படகர் பையனும் இருளர் பையனும் லைன் வீட்டுப் பெண்ணும் ஒரே ஆவணத்தின் முன் ஒரே தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சைக்கும் இது எதிரி அல்ல. மூன்றாவது வழி ஆயுளுக்கும் மறக்காது. ஸ்டாஃப் ரூமில் என்னிடம் பேசிய ஆசிரியரின் பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எண்ணப்படுவது பிள்ளைகள் அல்ல, அரசாங்கங்களின் செயல்.

தேயிலை வகுப்பில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஐந்தாவது வரியின் கீழே கோடு இழுத்து, 'முதல் நான்கையும் யார் தீர்மானிக்கிறார்கள்? ஐந்தாவதை யார் தீர்மானிக்கிறார்கள்?' என்று கேட்டால் போதும்.

இது நடக்காத கனவு என்று யாரும் சொல்ல வேண்டாம். இதே மாவட்டத்தில் கூடலூர்ப் பக்கம், 1988 டிசம்பரில் ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் 1990களில் அங்கே வித்யோதயா பள்ளி ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியானது. ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகத் தயார் செய்தார்கள். பார்க்கிறவர் யார் என்பதை மாற்றியதிலிருந்து அங்கே வேலை தொடங்கியது. எல்லா அரசுப் பள்ளியிலும் அதைச் செய்ய முடியாது. ஆனால் பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதை எந்தப் பள்ளியிலும் மாற்ற முடியும்.

பதிவேட்டையும் மாற்ற வேண்டும். 'மாணவர் பங்கேற்பு' என்ற கட்டத்துக்கு முன்னால் இன்னும் சில கட்டங்கள் போடலாம். இன்றைய பாடத்தின் வாக்கியங்களில் எழுவாயாக வந்தவர் யார்? செயப்படுபொருளாக வந்தவர் யார்? இயற்கை என்று சொல்லப்பட்டவற்றில் மனிதர் செய்தது எது? எந்த இடத்தில் உதாரணம் சொல்லாமல் கடக்கப்பட்டது? வகுப்பு அமைதியானது எந்தச் சொல்லுக்குப் பிறகு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதப் பழகிய பயிற்சி ஆசிரியன், பலகையைப் பார்ப்பான், பாடநூலைப் பார்ப்பான், தன்னையும் பார்ப்பான். மூன்றாவது வரிசைப் பெண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். அதற்குப் பிறகு அவள் பேசுவதும் பேசாமலிருப்பதும் அவள் விருப்பம்.